ஜெபக்குமார் வீட்டு ரத்தம்

ஏற்காட்டுக்குப் போய்த் திரும்பிய மூன்றாம் நாள் ஷாரோனின் இடது கால் வீங்கியது. கேளம்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து படிவங்களைப் பதிவு செய்கிற வேலை அவளுக்கு. வயது இருபத்திரண்டு. அலுவலகத்தார் எல்லோரும் சேர்ந்து போன சுற்றுலா அது. போக வர இரண்டு இரவும் பஸ் இருக்கையில் மடங்கிக் கிடந்ததில் சதை பிடித்துக்கொண்டது என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நான்காம் நாள் காலையில் அவள் கட்டிலை விட்டு எழுந்து நின்றபோது, அம்மா பிரிசில்லா அந்தக் காலைப் பார்த்தாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரே பருமன். தோல் மினுமினுவென்று, கத்தரிக்காய் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

பிரிசில்லா மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையல்காரி. அன்று நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம் ஆக வேண்டும். உதவியாளுக்குப் போன் பண்ணி, "நீயே பாத்துக்கோம்மா, நான் வர்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ கூப்பிட்டாள். இதே மாதிரி ஒரு காலை அவள் முன்பு ஒரு தடவை பார்த்திருந்தாள். அவள் புருஷன் ஜெபக்குமாரின் கால்.

"சும்மா சதப் புடிப்பும்மா. இதுக்குப் போயி செங்கல்பட்டு வரிக்குமா?" என்றாள் ஷாரோன்.

"வாய மூடிகினு ஏறு."

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தொடையின் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. வார்டில் சேர்த்து, ஹெப்பாரின் என்ற மருந்தைக் கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து, மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். வேலை செய்தால், சோதனைக் குழாயில் அந்த ரத்தம் உறைய அதிக நேரம் பிடிக்கும்.

ஷாரோனின் ரத்தத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மருந்தைக் கூட்டினார்கள். மறுபடியும் கூட்டினார்கள். மூன்றாவது தடவையும் அதே கணக்குதான் வந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து கண்ணகி என்ற டெக்னீஷியன் மாடியேறி வார்டுக்கு வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஊசியும் குழாயும்.

"யாரு ஷாரோன்? குழாயில ரத்தம் அளவு தப்பா புடிச்சிட்டாங்களோன்னு சந்தேகம். நானே எடுத்துப் பாக்குறேன்" என்றாள்.

அவளே எடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கட்டில் பக்கத்தில் நின்றிருந்த மருத்துவர் வெங்கடேசனிடம் தாளை நீட்டினாள்.

"எடுத்ததுல தப்பில்ல சார். மருந்து போகுது, ஆனா புடிக்கல. ஆன்டித்ராம்பின் பாத்தா என்ன?"

மருத்துவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நானும் அதத்தான் நெனச்சேன். சென்னைக்கு அனுப்பிடுங்க" என்றார். ஷாரோனுக்கு அந்தச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு வேறொரு மாத்திரையைத் தொடங்கினார். பிறகு பிரிசில்லாவிடம், ஷாரோன் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டார்.

பதில் ஷாரோனிடமிருந்து வந்தது. "டூர்ல பேஜாரா இருக்குமேன்னு, பீரியட்ஸ தள்ளிப் போடுற மாத்திர மெடிக்கல்ல வாங்கிப் போட்டேன் சார். எட்டு நாளு."

"அது ஒரு காரணம். பஸ்ஸுல அசையாம உக்காந்தது இன்னொரு காரணம். ஆனா அது ரெண்டும் எல்லாருக்கும் இப்படிப் பண்ணாது."

முடிவு வர ஐந்து நாள் ஆனது. அதற்குள் கால் வற்றத் தொடங்கி, ஷாரோன் கழிப்பறை வரை தானே நடந்தாள். ஆன்டித்ராம்பின் நூற்றுக்கு நாற்பத்தொன்று என்று வந்திருந்தது. எண்பதுக்கு மேல் இருக்க வேண்டியது.

"அது இன்னாம்மா அது?" என்று பிரிசில்லா கண்ணகியைத்தான் கேட்டாள். மருத்துவரைக் கேட்கத் தயக்கமாயிருந்தது.

கண்ணகி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கையில வெட்டுப்பட்டா ரத்தம் கட்டுதுல்ல? அதுக்குன்னு நம்ம ரத்தத்துல சில என்சைம் இருக்கு. ஒண்ணு இன்னொண்ணக் கெளப்பிவிடும். அதுங்க பாட்டுக்குப் போனா ஒடம்பு பூரா கட்டிக்கும். அதனால 'போதும், நில்லு'ன்னு அதுங்களப் புடிச்சி அமுக்க ஒரு புரதம் இருக்கு. ஈரல்ல உண்டாகுறது. அதுதான் ஆன்டித்ராம்பின். உங்க பொண்ணுக்கு அது பொறந்ததுலேர்ந்தே பாதிதான் இருக்கும்போல."

"அப்ப மொதல்ல ஏத்துன மருந்து?"

"அந்த மருந்து தானா ஒண்ணும் செய்யாதுக்கா. இந்தப் புரதத்தத் தட்டிவிட்டு வேகமா வேல வாங்கும், அவ்ளோதான். வேலைக்கு ஆளே பாதி இல்லேன்னா யாரப் போயி தட்டுறது? இப்பக் குடுக்குற மாத்திரைக்கு அந்த ஆளோட தொண வேணாம். அது நேரா வேல செய்யும்."

அன்று மாலை மருத்துவர் பிரிசில்லாவின் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். இது பெற்றவர்களில் ஒருவர் வழியாக வருவது என்றார். "உடம்புல புதுசா ரத்தம் கட்டியிருக்கும்போது அளவு தானாவே கொறையும். அதனால ஷாரோனுக்கு மூணு மாசம் கழிச்சி இன்னொரு தடவ பாத்துதான் முடிவா சொல்லணும். நீங்க குடுங்க, தெரிஞ்சிக்கலாம்."

பிரிசில்லாவுக்கு நூற்றிரண்டு இருந்தது.

"உங்க வழியா இல்ல. இவங்க அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்ல சார். தவறிட்டாரு. பதினோரு வருசம் ஆவுது."

"எப்படி?"

அந்தக் கேள்விக்கு அவள் பதினோரு வருடமாகப் பதில் சொல்லிப் பழகியிருந்தாள். ஆனால் இப்படி நிதானமாக, பதிலைக் கேட்பதற்காகவே யாரும் கேட்டதில்லை. ஜெபக்குமார் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஒரு வாரமாகக் கால் வீங்கியிருந்தது. கிளட்ச் அழுத்தி அழுத்தி வந்தது என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தவன், மூச்சு வரவில்லை என்று நெஞ்சைப் பிடித்தான். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டான். முப்பத்தாறு வயது.

மருத்துவர் பேனாவை மூடினார். "கால்ல கட்டுன ரத்தம் பிச்சிகிட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இப்ப நிரூபிக்க முடியாது. ஆனா இந்த ரிப்போர்ட்ட வச்சிப் பாத்தா, எனக்கு அப்படித்தான் தோணுது."

"அப்ப சாப்பாட்டால இல்லியா சார்?"

மருத்துவருக்குப் புரியவில்லை. "சாப்பாடா? சாப்பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

பிரிசில்லா வார்டை விட்டு வெளியே வந்து, வராண்டாவின் கடைசியில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். மறுபடியும் அழுகை வந்தது.

ஜெபக்குமாரின் அக்கா செல்லம்மா அச்சரப்பாக்கத்தில் இருந்தாள். தம்பியைப் புதைத்த அன்று, கல்லறையிலேயே பிரிசில்லாவின் கையைப் பிடித்து இழுத்து, "சோத்துல இன்னாத்தடி போட்ட?" என்று கேட்டவள் அவள்தான். பாதிரியார் இருந்தார், ஊர் இருந்தது. பதினோரு வயது ஷாரோன் பக்கத்தில் நின்றாள். அப்புறம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. சத்துணவு வேலைக்கு பிரிசில்லா எழுதிப்போட்டபோதுகூட, "அந்தக் கையாலியா புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடப்போறா?" என்று செல்லம்மா யாரிடமோ சொன்னது இவள் காதுக்கு வந்து சேர்ந்தது. வேலை கிடைத்தது. முதல் ஒரு வருடம், பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஒவ்வொரு நாளும் எல்லோர் கண்ணெதிரிலும் தானே ஒரு தட்டுப் போட்டுச் சாப்பிட்டாள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவர் சொன்னார்: "அவங்க அப்பாவோட கூடப் பொறந்தவங்க, அவங்க புள்ளைங்க எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கணும். முக்கியமா பொம்பளப் புள்ளைங்க. கர்ப்பமான நேரத்துல இது ரொம்ப ஆபத்து."

பஸ்ஸில் ஷாரோன் சொன்னாள்: "அந்த ரிப்போர்ட்ட ஜெராக்ஸ் எடுத்து, அத்த மூஞ்சில வீசணும்மா."

பிரிசில்லாவுக்கும் அதே ஆசைதான்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், ஷாரோன் போனைத் திருப்பிக் காட்டினாள். செல்லம்மாவின் மகள் சிநேகாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸ். பச்சைப் புடவையில் வயிறு லேசாகத் தெரிய நின்றிருந்தாள். பக்கத்தில் புருஷன் ஞானதாஸ். அவளுக்கு இதற்கு முன் ஒரு குழந்தை ஏழாம் மாதம் வயிற்றிலேயே இறந்தது இவர்களுக்கும் தெரியும். செல்லம்மாவுக்கும் சிநேகாவுக்கு முன்னால் மூன்று அப்படிப் போயிருந்தது. அதோடு செல்லம்மாவின் கால். எத்தனையோ வருடமாக இடது கால் மட்டும் கருத்து வீங்கிக் கிடந்தது. யானைக்கால் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இவ்வளவும் பிரிசில்லாவின் மனத்தில் ஒரே வரிசையில் வந்து நின்றது. நின்றும், அவள் நான்கு நாள் ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்குப் போனாள், ஆக்கினாள், வந்தாள். போனால் வாசலிலேயே நிற்கவைத்து அசிங்கப்படுத்துவார்கள் என்று தெரியும். போகாமலிருந்தால் யாரும் தன்னைக் கேட்கப்போவதில்லை என்பதும் தெரியும். அந்த இரண்டாவதுதான் அவளை உறங்கவிடவில்லை. ஐந்தாம் நாள், சனிக்கிழமை, "நான் போய்ட்டு வரேன்" என்றாள்.

"அவங்க உன்ன இன்னா பேசுனாங்கன்னு மறந்துட்டியா?"

"மறக்கல. அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"

செங்கல்பட்டில் பஸ் மாறி, மதுராந்தகம் தாண்டி அச்சரப்பாக்கத்தில் இறங்கி நடந்தாள். வீட்டு வாசலில் செல்லம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் இடது காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலைமுடி பாதி வெளுத்திருந்தது. பார்த்ததும் அவள் கை நின்றது.

"இன்னா? வழி தவறி வந்துட்டியா?"

"இல்ல அண்ணி. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"பதினோரு வருசம் கழிச்சி இன்னா பாக்க? எம்பொண்ணு முழுகாம கீறா. வயித்தெரிச்சல் கொட்டிகினு வந்து நிக்காத."

"அவளுக்காகத்தான் வந்தேன்."

குரல் கேட்டு சிநேகா வெளியே வந்தாள். "அத்தையா? உள்ள வாங்கத்த" என்றாள். செல்லம்மா மகளை முறைத்தாள். பிரிசில்லா உள்ளே போகவில்லை. வாசல்படியில் நின்றபடியே பையிலிருந்து தாள்களை எடுத்தாள். வருகிற வழியெல்லாம் என்னென்னவோ பேச நினைத்திருந்தாள். இப்போது எல்லாம் மறந்து, கண்ணகி சொன்னதை அப்படியே சொன்னாள். ரத்தம் கட்டுவது, கட்டியது போதும் என்று நிறுத்தும் புரதம், அது ஷாரோனுக்குப் பாதிதான் இருப்பது, தனக்கு முழுசாக இருப்பது. ஜெபக்குமாரைப் பற்றி மருத்துவர் சொன்னதையும் சொன்னாள். ஆனால் மீன்குழம்பைப் பற்றியோ கல்லறையைப் பற்றியோ ஒரு சொல் பேசவில்லை.

உள்ளேயிருந்து வந்த ஞானதாஸ் தாளை வாங்கிப் படித்தான். அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன்.

"எங்க வூட்டு ரத்தத்துல கோளாறுன்றியா?" என்றாள் செல்லம்மா.

"கோளாறுன்னு சொல்ல வர்ல அண்ணி. தெரிஞ்சிகினா மருந்து கீது. உங்க காலும் யானக்காலு இல்லாம இருக்கலாம். யானக்காலுன்னா மாத்திர துன்னு கொஞ்சமாச்சும் கொறஞ்சிருக்காதா? சிநேகா பொறக்கறதுக்கு முன்னால தான ஊதிச்சி?"

மூன்றாவது பிள்ளை போன மாதத்தில்தான் அந்தக் கால் ஊதியது. அது அவளுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

சிநேகா மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு நாளா எனக்கும் இந்தக் கெண்டக்காலு இழுத்துகினு கீதுத்த. மாசமா கீறவளுக்கு அப்படித்தான் இருக்கும்னு அம்மா சொல்லிச்சி."

பிரிசில்லா அப்போதுதான் படியேறினாள். குனிந்து சிநேகாவின் இடது காலைத் தொட்டுப் பார்த்தாள், வலது காலையும் தொட்டாள். ஒன்று சூடாக, விறைப்பாக இருந்தது.

"ஞானதாசு, வண்டிய எட்றா" என்றாள்.

செல்லம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வந்து வேனின் பின்சீட்டில் ஏறினாள். வழியில் படாளம் தாண்டும்போது சிநேகா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததில், சிநேகாவின் கெண்டைக்காலில் ரத்தம் சின்னதாக உறைந்திருந்தது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மேல ஏறியிருக்கும்" என்றார் வெங்கடேசன். சிநேகாவுக்கு ஆன்டித்ராம்பின் நாற்பத்துநான்கு. செல்லம்மாவுக்கு நாற்பது. அவள் காலை ஸ்கேன் பண்ணியதில், பழைய அடைப்பின் தழும்புகள் குழாய் நெடுகத் தெரிந்தன. அது யானைக்கால் இல்லை.

ஷாரோன் சாப்பிடும் மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பதால், சிநேகாவுக்கு ஹெப்பாரின் வகையிலேயே ஒரு ஊசியை அளவு கூட்டிக் கொடுத்தார்கள். புரதம் பாதியாக இருந்தாலும், இருக்கிற பாதியிடம் கூடுதலாக வேலை வாங்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தொப்புளைச் சுற்றித் தோலுக்கடியில். அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

முதல் ஊசியை நர்ஸ் போட்டாள். இரண்டாவதைத் தானே போடச் சொன்னபோது சிநேகா ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஞானதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செல்லம்மா, "அய்யே, என்னால பாக்க முடியாதுப்பா" என்று எழுந்து போனாள். பிரிசில்லாதான் சிநேகாவின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, "கண்ண மூடாத. பாத்துப் போடு. உம்புள்ளைக்கு நாஸ்தா ஊட்றன்னு நெனச்சிக்கோ" என்றாள். சிநேகா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே போட்டாள்.

மே மாதம் பள்ளி விடுமுறை. ஒவ்வொரு செவ்வாயும் பிரிசில்லா மாமல்லபுரத்திலிருந்தும் அவர்கள் அச்சரப்பாக்கத்திலிருந்தும் செங்கல்பட்டுக்கு வந்து சேர்வார்கள். ஷாரோனுக்கு மறுபடி பார்த்ததில் நாற்பத்தாறுதான் இருந்தது; பிறவியிலேயே உள்ளதுதான் என்று உறுதியானது. சில செவ்வாய்களில் அவளும் வந்தாள். முதலில் செல்லம்மாவைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம், காலுக்குப் போடும் இறுக்கமான உறையைச் செல்லம்மா மாட்டத் தெரியாமல் அல்லாடுவதைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து மாட்டிவிட்டாள். செல்லம்மா அவள் தலையில் கையை வைத்தாள். ஷாரோன் தட்டிவிடவில்லை.

ஆகஸ்ட் மாதம் பிரசவத்துக்கு நாள் குறித்தார்கள். பிரசவத்தின்போது ஊசியை நிறுத்தியாக வேண்டும்; இல்லையென்றால் ரத்தப்போக்கு நிற்காது. நிறுத்தினால் ரத்தம் கட்டும். அந்த இடைவெளியில் மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஏற்றுவார்கள். அதில் அந்தப் புரதம் முழு அளவில் இருக்கும் என்று விளக்கினார் மருத்துவர். எடுக்கும் பிளாஸ்மாவுக்கு ஈடாக உறவினர்கள் யாராவது ரத்தம் கொடுத்தால் ரத்த வங்கிக்கு உதவியாயிருக்கும்.

ஞானதாஸ் கொடுத்தான். செல்லம்மாவும் இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டுவந்ததால் அவளிடம் எடுக்க மாட்டார்கள். பிரிசில்லா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் படுத்தாள். விரலில் குத்திப் பார்த்த கண்ணகி, "ஹீமோகுளோபின் பதிமூணு இருக்குக்கா. தாராளமா குடுக்கலாம்" என்றாள்.

"இது சிநேகாவுக்குத்தான் போவுமா?"

"தெரியாதுக்கா. யாருக்கு வேணா போவும்."

"போவட்டும்" என்றாள் பிரிசில்லா.

ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு அவள் படுத்திருந்தபோது, செல்லம்மா கதவருகில் வந்து நின்றாள். உள்ளே வரலாமா என்று யோசிப்பவள் போல. அடுத்த படுக்கையில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண், "உங்க தங்கச்சியாம்மா?" என்று செல்லம்மாவைக் கேட்டாள்.

"என் தம்பி பொண்டாட்டி." பிறகு, அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் எதற்கு என்று யோசிக்காமல், சத்தமாகவே சொன்னாள்: "என் தம்பிய இவ நல்லாத்தான் வச்சிருந்தா. நல்லாத்தான் ஆக்கிப் போட்டா. நாந்தான் தப்பா பேசிட்டேன். ஊரறிய பேசிட்டேன்."

அந்தப் பெண் தலையாட்டினாள். பிரிசில்லா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. செல்லம்மா வந்து தன் முந்தானையால் துடைத்தாள்.

"பந்த அமுக்குங்கக்கா, நின்னுடப் போவுது" என்றாள் கண்ணகி.

மறுநாள் மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. சிநேகாவுக்கு ரத்தப்போக்கும் அதிகமில்லை, கட்டவுமில்லை. அன்று மாலையே மறுபடி ஊசியைத் தொடங்கினார்கள். இன்னும் சில வாரம் போட வேண்டும்.

"குழந்தைக்கும் இது இருக்குமா சார்?" என்று ஞானதாஸ் கேட்டான்.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொறந்த குழந்தைங்க எல்லாருக்குமே இது கொறைவாத்தான் இருக்கும். அதனால இப்பப் பாத்துப் பிரயோசனமில்ல. ஆறு மாசம் போகட்டும்."

அவன் முகம் வாடியதை சிநேகா பார்த்தாள். படுத்தபடியே சொன்னாள்: "இருந்தா இருக்கட்டுமே. எங்க மாமாவுக்குத் தெரியாம போச்சி. எங்கம்மாவுக்கு அம்பது வயசு தாண்டித்தான் தெரிஞ்சிது. இவளுக்குப் பல்லு மொளைக்கறதுக்குள்ள தெரிஞ்சிடும்."

குழந்தை துணிக்குள் நெளிந்து கொட்டாவி விட்டது. ஷாரோன் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கேளம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, மூச்சு வாங்க அப்போதுதான் வார்டுக்குள் நுழைந்தாள்.

"எங்க, குடுங்க பாப்பம்" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.